சோப்பு நீருக்குள் ஒரு சாட்சி

(திருவனந்தபுரத்தில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த நகரத்தில் அறிவியலைத் தமிழில் பேசுவது புதிய வழக்கம் இல்லை. இங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை, உலகத்துச் சாத்திரங்களை வகைப்படுத்தி 'நூற்றொகை விளக்கம்' என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் எழுதினார். அந்தத் துணிவோடுதான் நானும் இன்று வேதியியல் பேச வந்திருக்கிறேன்.

என்னுடைய பொருள் சோப்பு. சோப்பைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று நீங்கள் கேட்கலாம். சோப்பு நீருக்குள் நடப்பதை மனிதக் கண்ணால் காண முடியாது. காண முடியாத ஒன்றை எப்படி அறிவது? அறிந்ததை எப்படி நம்புவது? இந்த இரண்டு கேள்விகளுக்காகத்தான் இந்தக் கூட்டம். இதற்கு விடை கண்டவர்களில் ஒருவர் தமிழர். அவர் பெயரையும் சற்று நேரத்தில் சொல்கிறேன்.

இந்த நகரத்தின் சாலைக் கடைத்தெருவிலிருந்து தொடங்குவோம். அங்கே செக்கிலாட்டிய தேங்காயெண்ணெய் கிடைக்கும். சீயக்காய் கிடைக்கும். பூந்திக்கொட்டை கிடைக்கும். துணி சோப்பும் ஷாம்பூவும் கிடைக்கும். இவற்றை இணைக்கும் நூல் எது தெரியுமா? தேங்காயெண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். பன்னிரண்டு கார்பன்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி அது. எண்ணெயைக் காஸ்டிக் சோடாவோடு காய்ச்சினால் அந்தச் சங்கிலியின் ஒரு முனையில் மின்னூட்டம் ஏறுகிறது; சோப்பு பிறக்கிறது. அதே பன்னிரண்டு கார்பன் சங்கிலியை ஆல்கஹாலாக்கி, சல்ஃபேட் ஆக்கினால் சோடியம் லாரில் சல்ஃபேட். உங்கள் வீட்டுப் பற்பசைக் குழாயின் பின்புறத்தில் அந்தப் பெயர் அச்சாகியிருக்கக்கூடும். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் அதைச் சோடியம் டோடெசில் சல்ஃபேட், சுருக்கமாக எஸ்.டி.எஸ். என்போம்.

இந்த மூலக்கூறுகளுக்கெல்லாம் ஒரே சுபாவம். தலை நீரை விரும்பும். வால் நீரை வெறுக்கும். சோப்பில் தலை மின்னூட்டம் கொண்டது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சபோனினில் தலை என்பது சர்க்கரைக் கொத்து. தலையின் வகை வேறு, வாலின் வடிவம் வேறு. ஆனால் விருப்பும் வெறுப்பும் ஒரே உடலில் இருப்பது பொது. இவற்றைத்தான் சர்ஃபாக்டன்ட் என்கிறோம்.

இப்போது ஒரு குவளைத் தூய நீரில் எஸ்.டி.எஸ்.ஸைச் சிறுகச் சிறுகச் சேர்ப்போம். முதலில் சேரும் மூலக்கூறுகளில் பல நீரின் மேற்பரப்பைத் தேடிப் போகின்றன. தலை நீருக்குள், வால் காற்றில். நீரின் பரப்பு இழுவிசை குறைகிறது. மேற்பரப்பில் இடம் நிறைந்துவிட்டது. இன்னும் சேர்க்கிறோம். மற்றவை நீருக்குள்ளே தனித்தனியாகத் திரிகின்றன. இன்னும் சேர்க்கிறோம். ஒரு கட்டம் வருகிறது. 25 டிகிரி செல்சியஸில், லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோல், அதாவது சுமார் இரண்டேகால் கிராம். அந்த எல்லையைத் தாண்டியதும், புதிதாக வரும் மூலக்கூறுகள் ஒன்றுகூடுகின்றன. வால்கள் உள்ளே, தலைகள் வெளியே. அறுபது மூலக்கூறுகள் வாக்கில் சேர்ந்து ஓர் உருண்டை. அதுதான் மிசெல். அந்த எல்லைதான் மாறுநிலை மிசெல் செறிவு, சுருக்கமாக சி.எம்.சி.

யாரும் கட்டளையிடவில்லை. எந்த அச்சிலும் வார்க்கவில்லை. நீரும் வாலும் ஒன்றையொன்று ஒதுக்கியதால் தானாக எழுந்த ஒழுங்கு அது. எண்ணெய்ப் பிசுக்கு அந்த உருண்டையின் வயிற்றுக்குள் புகுந்துகொள்கிறது, துணி வெளுக்கிறது. நம் குடலில் பித்த உப்புகளும் இதே வித்தையைச் செய்கின்றன. அவை இல்லாவிட்டால் ஏ, டி, ஈ, கே ஆகிய வைட்டமின்கள் நம் உடம்பில் சரியாகச் சேரா.

இப்படி ஒரு கூட்டம் இருப்பதை எப்படி ஊகித்தார்கள்? 1910-களில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெக்பெய்ன் என்ற வேதியியலாளர் ஒரு புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சோப்புக் கரைசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது; ஆனால் அதன் சவ்வூடு பரவல் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கிறது. தனித்தனி அயனிகள் இருந்தால் அழுத்தம் கூட வேண்டுமே? அயனிகள் கூட்டம் சேர்ந்திருக்க வேண்டும் என்றார் அவர். அன்று அதை ஏற்கத் தயங்கியவர்கள் பலர். 1936-இல் ஜி. எஸ். ஹார்ட்லி அந்தக் கூட்டத்துக்கு உருண்டை வடிவம் கொடுத்து விளக்கினார். கருத்து நிலைபெற்றது.

ஆனால் அன்பர்களே, அந்த உருண்டையின் குறுக்களவு ஏறத்தாழ 4 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் குறுக்கே வரிசையாக வைத்தால் 20,000 மிசெல் வாக்கில் நிற்கும். சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு 200 நானோமீட்டருக்குக் கீழே கண் தெரியாது. பரப்பு இழுவிசையை அளக்கலாம், மின்கடத்தலை அளக்கலாம். மிசெல் எப்போது பிறந்தது என்று அவை சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது? அங்கே உண்மையிலேயே எண்ணெய் போன்ற சூழலா, நீர் கசிகிறதா? ஒரு மிசெலில் எத்தனை மூலக்கூறு? இந்தக் கேள்விகளுக்கு வெளியே நின்று அளக்கும் கருவி பதில் சொல்லத் திணறுகிறது. உள்ளே போய்ப் பார்த்துவந்து சொல்ல ஒரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியின் மொழிதான் ஒளி. அந்த மொழிக்கு உடனொளிர்தல் என்று பெயர். ஆய்வுக்கூட வழக்கில் ஃபுளோரசன்ஸ்.

சில மூலக்கூறுகள் புற ஊதா ஒளியை விழுங்கும். விழுங்கிய ஆற்றலில் கொஞ்சத்தைச் சுற்றுப்புறத்துக்கு வெப்பமாகக் கொடுத்துவிட்டு, மீதியை நெடிய அலைநீளத்தில் ஒளியாக உமிழும். விழுங்குவதற்கும் உமிழ்வதற்கும் இடையே சில நானோவினாடிகள். சில மூலக்கூறுகளுக்குச் சில நூறு நானோவினாடிகள். அந்தக் குறுகிய வாழ்நாளில் அந்த மூலக்கூறு தன் அண்டை அயலை உணர்கிறது. அயலில் நீரா எண்ணெயா, இறுக்கமா தளர்வா, அருகில் பகையுண்டா, எல்லாம் அது உமிழும் ஒளியில் பதிகிறது.

1852-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், கொய்னா கரைசலைச் சூரிய ஒளியின் நிறமாலையில் நகர்த்திப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாப் பகுதிக்குள் நுழைந்ததும் கரைசல் நீலமாக ஒளிர்ந்தது. அந்தக் கொய்னாவைத் தரும் சின்கோனா மரத்தை 1860-களில் நம் நீலகிரியில், நடுவட்டத்தில், தோட்டமாகப் பயிரிட்டார்கள். மலேரியாவுக்கு மருந்தாக எண்ணிப் பயிரிட்ட மரம் அது. இன்றும் உலகத்து ஆய்வுக்கூடங்களில், ஒரு பொருள் எவ்வளவு திறமாக ஒளிர்கிறது என்று ஒப்பிட்டு அளக்க அமிலத்தில் கரைத்த கொய்னா சல்ஃபேட் அளவுகோலாக இருக்கிறது.

கொய்னா நீரில் கரையும். நமக்கு வேண்டிய சாட்சி நீரை வெறுத்து மிசெலுக்குள் ஓட வேண்டும். அப்படி ஒன்று பைரீன். நான்கு வளையங்கள் ஒட்டிப் பிறந்த, 16 கார்பன்கள் கொண்ட தட்டையான மூலக்கூறு. நிலக்கரித் தாரில் கிடைப்பது. ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமில் ஏழில் ஒரு பங்குகூட அது கரையாது. மிசெல் உருவான நொடியில் அது நீரைக் கைவிட்டு மிசெலுக்குள் குடியேறிவிடும்.

பைரீன் உமிழும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால், 370 முதல் 400 நானோமீட்டர் வரை ஐந்து சிகரங்கள் தெரியும். முதல் சிகரம் 373 வாக்கில். மூன்றாவது 384 வாக்கில். இங்கேதான் அதிசயம். பைரீன் மிகவும் சமச்சீரான மூலக்கூறு. அந்தச் சமச்சீர் காரணமாக முதல் சிகரத்துக்குரிய தாவல் ஏறத்தாழ தடைசெய்யப்பட்ட ஒன்று. சுற்றிலும் நீர் போன்ற முனைவுள்ள மூலக்கூறுகள் இருந்தால் அந்தத் தடை தளர்கிறது. முதல் சிகரம் உயர்கிறது. சுற்றிலும் எண்ணெய் இருந்தால் முதல் சிகரம் தாழ்கிறது. மூன்றாவது சிகரமோ இதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே முதலாவதை மூன்றாவதால் வகுத்துவிட்டால், சாட்சி எங்கே நிற்கிறது என்பதற்கு ஓர் எண் கிடைக்கிறது. நீரில் அந்த எண் 1.8 வாக்கில். ஹெக்ஸேன் போன்ற எண்ணெயில் 0.6 வாக்கில். எஸ்.டி.எஸ். மிசெலுக்குள் 1.1 வாக்கில்.

கரைப்பானுக்கு ஏற்பப் பைரீனின் சிகரங்கள் மாறுவதை ஜப்பானில் நகாஜிமா 1970-களின் தொடக்கத்திலேயே கவனித்திருந்தார். அதை மிசெலை ஆராயும் கருவியாக்கி, எண்களோடு நிறுவியது 1977-இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் வெளிவந்த ஒரு கட்டுரை. எழுதியவர்கள் இருவர். ஒருவர் நோட்ரடேம் பல்கலைக்கழகக் கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தின் ஜே. கெர்ரி தாமஸ். மற்றவர் யார் தெரியுமா? கு. கல்யாணசுந்தரம்.

இந்தப் பெயரை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். ஆம், அவரேதான். 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தை முன்னின்று நடத்திய அதே கல்யாணசுந்தரம். சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு நூல்கள் வரை, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, இணையத்தில் இலவசமாக ஏற்றிய திட்டம் அது. கணினியில் தமிழ் எழுத இன்றுபோல் வசதி இல்லாத காலத்தில் மயிலை என்ற எழுத்துருவைச் செய்து கொடுத்தவரும் அவர்தான். தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைச் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில், மைக்கேல் கிரெட்செலின் ஆய்வுக் குழுவில், ஒளிவேதியியலில் கழித்தவர். பகலில் மூலக்கூறுகளின் ஒளி. ஓய்வு நேரத்தில் தமிழ் நூல்களின் எழுத்து. இரண்டையும் ஒருவர் செய்திருக்கிறார் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா? மதுரைத் திட்டத்தை அறிந்த தமிழாசிரியருக்குப் பைரீன் தெரியாது. பைரீன் அளவீட்டைச் செய்யும் மாணவருக்கு அந்தக் கட்டுரையின் முதல் பெயர் யாருடையது என்று தெரியாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் நான் இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

சோதனையை அருகிலிருந்து பார்ப்போம் வாருங்கள்.

பைரீனை மெத்தனாலில் கரைத்து, ஒரு சிறு துளியைக் குப்பியில் விட்டு, மெத்தனாலை ஆவியாக விடுகிறார் ஒரு மாணவி. குப்பியின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். கையுறை அணிந்திருக்கிறார், பைரீன் தோலில் படக்கூடாத பொருள். பிறகு எஸ்.டி.எஸ். கரைசலை ஊற்றிக் கலக்குகிறார். இப்படி வரிசையாகக் குப்பிகள்: 1 மில்லிமோலார் (லிட்டருக்கு 1 மில்லிமோல்), 2, 4, 6, 7, 8, 9, 12, 20. எல்லாக் குப்பியிலும் பைரீன் ஒரே அளவு, மைக்ரோமோலாருக்கும் கீழே. ஒவ்வொன்றாகக் குவார்ட்ஸ் குவெட் என்ற சிறு கலத்தில் ஊற்றி, ஒளிர்வை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபுளோரிமீட்டருக்குள் வைத்து, 335 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சி, வரும் ஒளியைப் பதிகிறார்.

முதல் குப்பிகளில் எண் 1.8-ஐ ஒட்டியே நிற்கிறது. சாட்சி சொல்கிறது: என்னைச் சுற்றி நீர்தான். அடுத்தது? நீர்தான். அடுத்தது? நீர்தான். 7, 8 என்று வரும்போது எண் சரசரவென்று இறங்குகிறது. 12-க்கு வரும்போது 1.1-ஐ ஒட்டி நிலைத்துவிடுகிறது. வரைபடத்தில் மேலே ஒரு சமதளம், நடுவே ஒரு சரிவு, கீழே ஒரு சமதளம். அந்தச் சரிவில்தான் மிசெலின் பிறப்பு இருக்கிறது. காண முடியாததைக் கணக்கில் கண்டுவிட்டோம்!

எப்போது என்ற கேள்விக்கு விடை வந்தது. எத்தனை என்ற கேள்விக்கு? அதற்கும் ஒளியே விடை சொல்கிறது. 1978-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் டுரோவும் அகமது யெக்டாவும் ஓர் எளிய வழி சொன்னார்கள். மிசெலோடு ஒட்டிக்கொள்ளும் ஓர் ஒளிர்பொருள்; அதன் ஒளியை அணைக்கும் இன்னொரு பொருள். ஒரே மிசெலில் இரண்டும் சேர்ந்துவிட்டால் ஒளி அணையும். அணைப்பான் இல்லாத மிசெலில் ஒளி நிற்கும். அணைப்பான்கள் மிசெல்களுக்குள் தற்செயலாகப் பரவுகின்றன. சில மிசெலில் ஒன்று, சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் ஒன்றுமில்லை. அந்தப் பரவலுக்குப் பாய்சான் கணக்கு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. 38 மில்லிமோலார் எஸ்.டி.எஸ். எடுக்கிறோம். அதில் 8 தனி மூலக்கூறாகத் திரிகிறது. மீதி 30 மிசெலில் இருக்கிறது. அணைப்பானைச் சேர்த்துக்கொண்டே போகிறோம். 0.5 மில்லிமோலார் சேர்த்தபோது ஒளி நூற்றுக்கு 37 பங்காகக் குறைகிறது என்று வையுங்கள். பாய்சான் கணக்கின்படி, மிசெலுக்குச் சராசரியாக ஓர் அணைப்பான் என்றாகும்போதுதான் 37 மிஞ்சும். அப்படியானால் மிசெல்களின் செறிவும் 0.5. முப்பதை அரையால் வகுங்கள். அறுபது! நான்கு நானோமீட்டர் உருண்டைக்குள் உள்ள தலைகளை எண்ணிவிட்டோம். நாம் செய்ததெல்லாம் ஒளி எவ்வளவு குறைந்தது என்று பார்த்ததுதான்.

இன்னும் ஒரு கேள்வி எழ வேண்டும். மிசெல் என்ன கல்லா? அசையாமல் நிற்குமா? நிற்காது. எஸ்.டி.எஸ். மூலக்கூறு ஒன்று மிசெலை விட்டு வெளியேறுவதும் இன்னொன்று உள்ளே வருவதும் மைக்ரோவினாடிக் கணக்கில் நடந்துகொண்டே இருக்கிறது. ஆனால் பைரீனின் ஒளி சில நூறு நானோவினாடிகளில் முடிந்துவிடுகிறது. அந்தச் சிறு பொழுதில் மிசெல் கலைவதில்லை. அதனால்தான் சாட்சி சொல்வது தெளிவாக இருக்கிறது.

இதுவரை சாட்சியைப் புகழ்ந்தேன். இனி சாட்சியைக் கூண்டில் ஏற்றப் போகிறேன். குறுக்கு விசாரணை இல்லாத சாட்சியம் எந்த மன்றத்திலும் நிற்காது, அறிவியலிலும் நிற்காது.

முதல் கேள்வி: சாட்சியே, நீ எங்கே நின்று பார்த்தாய்? மிசெலுக்குள் எண் 1.1. உண்மையான எண்ணெயில் 0.6. மிசெலின் உள்ளே எண்ணெய் என்றால் ஏன் 0.6 வரவில்லை? பைரீன் நடுமையத்தில் உட்காரவில்லை. தலைகளுக்கு அருகே, நீர் எட்டிப் பார்க்கும் எல்லையோரத்தில் பெரும்பாலும் இருக்கிறது. ஆகவே அந்த எண், சாட்சி நின்ற இடத்தைப் பற்றியது. மிசெல் முழுவதையும் பற்றியது என்று எடுத்துக்கொண்டால் தவறு நம்முடையது.

இரண்டாவது கேள்வி: நீ தனியாக வந்தாயா, கூட்டமாக வந்தாயா? பைரீன் அதிகமானால், ஒளிரும் பைரீன் ஒன்று பக்கத்துப் பைரீனோடு இணைந்து எக்சைமர் ஆகிவிடும். 1954-இல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்டரும் காஸ்பரும் கண்டது இது. அப்போது 470, 480 நானோமீட்டரில் அகன்ற ஒரு மேடு எழும். சி.எம்.சி.க்குச் சற்று முன்பே, மிசெல் குறைவாக இருக்கும் நேரத்தில் ஒரே மிசெலில் பல பைரீன் நெருக்கியடித்தால் இந்த மேடு தலைகாட்டும். அதனால்தான் பைரீனைக் குறைவாகப் போட வேண்டும். சாட்சிகள் பெருகினால் அவர்கள் காட்சியையே மாற்றிவிடுவார்கள்.

மூன்றாவது கேள்வி: உன் வாயை யாராவது அடைத்தார்களா? நீரில் கரைந்த ஆக்சிஜன் பைரீனின் ஒளியை அணைக்கும். ஒளியின் வாழ்நாளை அளக்கும்போது நைட்ரஜனைக் குமிழியிட்டு ஆக்சிஜனை விரட்டாவிட்டால் கணக்கு பிசகும்.

நான்காவது கேள்வி சாட்சிக்கு உரியதன்று, நமக்கு உரியது. நம் சோப்பு தூய்மையானதா? எஸ்.டி.எஸ். நாளடைவில் நீரால் சிதைந்து டோடெக்கனால் என்ற ஆல்கஹாலைக் கொடுக்கும். அந்த அழுக்கு மிகக் குறைவாக இருந்தாலும், பரப்பு இழுவிசை வரைபடத்தில் சி.எம்.சி. அருகே ஒரு பள்ளம் விழும். பள்ளத்தைப் பார்த்தால் பொருளைத் திரும்பப் படிகமாக்கித் தூய்மை செய்ய வேண்டும் என்று பொருள்.

ஐந்தாவது கேள்வி: சரிவின் எந்தப் புள்ளியை சி.எம்.சி. என்கிறோம்? சரிவின் நடுவையா, கீழ்ச் சமதளத்தைத் தொடும் இடத்தையா? சி.எம்.சி. மிகக் குறைவான சர்ஃபாக்டன்ட்களுக்கு நடுப்புள்ளியும், அதிகமானவற்றுக்குச் சரிவு முடியும் இடமும் பொருந்தும் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். எது என்று சொல்லாமல் எண்ணை மட்டும் எழுதினால் அடுத்தவர் அதைச் சரிபார்க்க முடியாது. அதனால்தான் நல்ல ஆய்வாளர் ஒளியின் சாட்சியத்தோடு நிற்பதில்லை. மின்கடத்தலையும் அளக்கிறார், பரப்பு இழுவிசையையும் அளக்கிறார். மூன்றும் ஒத்துப்போனால் நம்புகிறார். ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று கேட்கிறார். அந்த ஏன் என்ற கேள்வியில்தான் அடுத்த கண்டுபிடிப்பு பிறக்கிறது.

இனி நம் நகரத்துக்கு வருவோம். நாகர்கோவில் பேருந்தில் வருகிறவர்கள் பாப்பனங்கோட்டைத் தாண்டித்தான் வருகிறீர்கள். அங்கே இருக்கும் தேசிய ஆய்வுக்கூடம் 1975-இல் தொடங்கி, 1978-இல் மண்டல ஆராய்ச்சிக் கூடமாகி, 2007-இல் நிஸ்ட் (தேசியப் பல்துறை அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம்) என்று பெயர் பெற்றது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் நெடுங்காலம் பணியாற்றிய ஒளிவேதியியலாளர் எம். வி. ஜார்ஜ், ஓய்வு பெற்ற பிறகு இங்கே வந்து ஒளிவேதியியல் ஆய்வுப் பிரிவை உருவாக்கினார். கல்யாணசுந்தரம் பைரீனை ஆராய்ந்த அதே நோட்ரடேம் கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தோடு அவரும் அவர் குழுவினரும் நெருங்கிப் பணியாற்றினார்கள். சுரேஷ் தாஸ், கே. ஜார்ஜ் தாமஸ், ஏ. அஜயகோஷ் என்று ஒரு தலைமுறையே இங்கே வளர்ந்தது. அஜயகோஷ் குழு 2001-இல், தாமாக ஒன்றுகூடிக் கூழாகும், தாமே ஒளிரும் கரிமச் சங்கிலி மூலக்கூறுகளைப் பற்றி எழுதியது. வெளியிலிருந்து சாட்சியை அனுப்பத் தேவையே இல்லை. ஒன்றுகூடும் மூலக்கூறே சாட்சி. தனியாக இருக்கும்போது ஒரு நிறத்தில் ஒளிர்கிறது. கூடும்போது நிறம் மாறுகிறது. அந்தப் பணிகளுக்காக அவருக்கு 2007-இல் பட்நாகர் விருதும் 2012-இல் இன்ஃபோசிஸ் பரிசும் கிடைத்தன. நாம் அன்றாடம் கடந்துபோகும் சாலையோரத்தில் இது நடந்திருக்கிறது!

இந்த அறிவால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சலவைத் தூளில் துணியை வெண்மையாகக் காட்ட ஒளிரும் பொருள்களைச் சேர்க்கிறார்கள். வீட்டுக் கழிவுநீர் எங்கே ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்க அந்த ஒளிர்வையே உலகின் பல ஊர்களில் பயன்படுத்துகிறார்கள். மட்கிய இலைதழைகளிலிருந்து வரும் பொருள்களும் நீரில் ஒளிரும். அப்படியானால் எது எது என்று எப்படிப் பிரிப்பது? மாதிரியைப் புற ஊதா ஒளியில் சற்று நேரம் வையுங்கள். சலவைத் தூளின் ஒளிர்பொருள் விரைவில் மங்கும்; இலைதழையின் ஒளிர்வு மெல்லத்தான் மங்கும். இங்கேயும் குறுக்கு விசாரணைதான் உண்மையைப் பிரிக்கிறது. நகரத்துச் சாக்கடையைச் சுமந்துகொண்டு ஆமையிழஞ்சான் தோடு என்ற ஓடை ஓடுகிறது. அது போய்ச் சேருவது ஆக்குளம் ஏரிப் பக்கம். அந்த நீரை நம் கல்லூரி மாணவர்கள் கையில் குப்பியோடு சென்று எடுத்து வந்து இப்படி ஆராய்ந்தால், எந்த ஓடையிலிருந்து எவ்வளவு வருகிறது என்று மாநகராட்சிக்கு ஆதாரத்தோடு சொல்லலாமே!

இன்னொரு பணி காத்திருக்கிறது. எஸ்.டி.எஸ்.ஸைப் பற்றி உலகம் நிறைய எழுதிவிட்டது. நம் சீயக்காய்? நம் பூந்திக்கொட்டை? மலையாள வீடுகளில் தலைக்குத் தேய்க்கும் தாளிக்குப் பயன்படும் செம்பருத்தி இலை? காட்டுக்குக் காடு, பருவத்துக்குப் பருவம், ஊறவைக்கும் முறைக்கு முறை இவற்றின் சாறு மாறும். ஒவ்வொன்றும் ஆராயத் தக்கது. எளிய வேலை என்று எண்ணிவிடாதீர்கள். சீயக்காய்ச் சாறு பழுப்பு நிறம். பாய்ச்சும் ஒளியைத் தானே விழுங்கிவிடும். அதில் தானாக ஒளிரும் பொருள்களும் உண்டு. பைரீனின் குரலோடு அவையும் சேர்ந்து பேசும். பைரீன் இல்லாத சாற்றை முதலில் அளந்து கழிக்க வேண்டும். சாற்றைத் தூய்மை செய்து நிறத்தை நீக்க வேண்டும். மின்னூட்டமில்லாத சபோனினுக்கு மின்கடத்தல் முறை கைகொடுக்காது; பரப்பு இழுவிசையோடு ஒப்பிட வேண்டும். கடினந்தான். கடினமாக இருப்பதால்தான் அது உங்களுக்காக இன்னும் காத்திருக்கிறது.

மாணவச் செல்வங்களே! கருவி இல்லையே என்று தயங்காதீர்கள். காரியவட்டத்திலும் பாப்பனங்கோட்டிலும் விதுரையிலும் இருக்கும் ஆய்வு நிறுவனங்களின் கதவைத் தட்டுங்கள். உங்கள் கல்லூரியிலேயே மின்கடத்தல் மானி இருக்கும். பரப்பு இழுவிசையை ஒரு துளிமானியால் அளக்கலாம். அங்கிருந்து தொடங்குங்கள். ஒளியின் சாட்சியத்தை அதன்மேல் கட்டுங்கள்.

கிடைத்ததை ஆங்கில இதழில் எழுதுங்கள். உலகம் சரிபார்க்க அது வேண்டும். அதே முடிவைத் தமிழிலும் எழுதுங்கள். எந்தக் காட்டுச் சீயக்காய், எப்படி ஊறவைத்தது, எந்த வெப்பநிலை, சரிவின் எந்தப் புள்ளி என்று ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். சாலைக் கடைத்தெருவில் சீயக்காய் விற்பவர் அதைப் படித்துத் தம் சரக்கைப் பற்றிப் புதிதாக ஒன்றை அறிய வேண்டும். நாகர்கோவில் பள்ளிப் பிள்ளை அதைப் படித்து ஏன் என்று கேட்க வேண்டும். மூலக்கூறின் ஒளியையும் தமிழின் எழுத்தையும் ஒரே கையால் பேணிய ஒருவர் நமக்கு முன்னே நடந்து வழி காட்டியிருக்கிறார். அந்த வழியில் அடுத்த கட்டுரையின் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும். அந்த வேலையை இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள் என்று கேட்டு அமைகிறேன்.